மூன்று டிஸ்குகளிலும் மாரியாயி

புதிய ஹார்ட் டிஸ்க் எழுதாத கொப்பி போன்றது. நாம் எழுதுவது மட்டுமே அதில் இருக்கும். ஆனால் இரண்டாயிரமாம் ஆண்டு, வவுனியா அகதி முகாம் எழுத்தர் ஞானரத்தினம் என்னிடம் திருத்தத் தந்த லாப்டொப்பில் நான் மாற்றிய மூன்று புதிய டிஸ்குகளிலும் அவருடைய நிவாரணப் பட்டியல் இருந்தது. கடைசி வரி: ‘மாரியாயி, இறந்தவர்’. அந்த வரியை அழித்ததும் டிஸ்க் நின்றுவிடும்.

“உயிரோட இருந்தவாவை இறந்தவா எண்டு போட்டு அரிசியை வெட்டினனீங்கள், அண்ணை. அவா பசியிலதான் செத்தவா” என்றேன்.

“அந்தக் கதையை விடு. நாளைக்குப் பட்டியல் குடுக்காட்டி என்ர வேலை போயிடும். என்னத்தையாவது செய்.”

நாலாவது டிஸ்கில் எதையும் அழிக்கவில்லை. ‘இறந்தவர்’ என்ற சொல்லை மாரியாயியின் பெயருக்கு அருகிலிருந்து எடுத்து, பட்டியலின் தலைப்பில் எழுத்தர் என்று இருந்த ஞானரத்தினத்தின் பெயருக்கு அருகில் போட்டேன். மறுநாள் லாப்டொப்பை எடுக்க அவர் வரவில்லை; பிறகும் வரவேயில்லை. டிஸ்க் இன்றுவரை பழுதில்லாமல் ஓடுகிறது.