கூடுதலாக ஒரு ஒயர்

முதல் குற்றம்: மாடிப்படி விளக்கு பதினோரு நாள் எரியவில்லை.

இரண்டாம் குற்றம்: தண்ணீர் மோட்டார் சுவிட்ச் ஷாக் அடித்தது. அதற்குச் செய்த வைத்தியம், மேலே ஒட்டிய ஒரு துண்டு டேப்.

மூன்றாம் குற்றம்: மேல்வீட்டுச் சமையலறையில் சாக்கெட் கருகி நாறியது. எழுதிக் கொடுத்தும் மூன்று நாள் ஆள் எட்டிப் பார்க்கவில்லை.

"அது என் வீடு. கையைக் கட்டிக்கிட்டு நிக்கிற பழக்கம் எனக்கில்ல. கட்டடத்து மெயினையே நிறுத்தி, நானே புது சாக்கெட் மாட்டிக்கிட்டேன்," என்றார் மைக்.

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள்.

ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல் என்பதால் அவருக்கு மைக் என்று பெயர். மில் வாசலில் முப்பது வருஷம் முழங்கிய தொண்டை. பெற்றவர்கள் வைத்த பெயர் இந்தக் குடியிருப்பில் யாருக்கும் தெரியாது.

நான்காவதற்குக் குரலைத் தாழ்த்தினார்.

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்குக் கீழ்வீட்டுல கரண்ட் போச்சு. வாத்தியாரோட மூச்சு மெஷின் நின்னுது. இவனுக்குப் போன் மேல போன். எடுக்கல. வாத்தியார் மூணு நாளா ஆஸ்பத்திரியில கண்ணே திறக்கல."

வாத்தியார் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "ஊருக்கே கரண்ட் போயிருக்கு, வந்துடும்னு காத்திருந்தோம்ணே. எல்லார் வீட்டுலயும் வந்துது. எங்க வீட்டுல வரல."

எல்லாரும் டெஸ்டரைப் பார்த்தார்கள். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் செருகியிருக்கும் அந்த எலக்ட்ரீஷியன், தூணோடு தூணாக நின்றான். அவனுக்குப் பின்னால், படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் ஓர் அறைதான் அவன் வீடு. வாசலில் நிறைமாத மனைவி நின்றிருந்தாள்.

கூட்டம் தொடங்குவதற்கு முன்பே டெஸ்டர் அருகில் வந்து, "அண்ணே, தனியா ரெண்டு வார்த்தை," என்றான்.

"தனியாப் பேசுறது தரகன் வேலை. எதுவா இருந்தாலும் சபையில பேசு," என்று துரத்திவிட்டார் மைக். நிர்வாகத்தோடு ஒருநாளும் தனியறையில் டீ குடித்ததில்லை என்பது அவர் வாழ்நாள் பெருமை.

செயலாளர் எழுந்தார். "பேச்சை வளர்க்க வேண்டாம். யார் தப்போ, அந்த ஆள் இன்னைக்கே காலி பண்ணணும். அதுதான் முடிவு. இவனையே எல்லா பாயின்ட்டும் திறந்து பார்த்து எழுதித் தரச் சொல்லியிருந்தேன். எழுதிட்டியாப்பா?"

"எழுதிட்டேன் சார்." டெஸ்டர் நான்காக மடித்த தாளை எடுத்தான். செயலாளர் கை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை.

"அண்ணே வாசிக்கட்டும் சார்."

"உன்னை நாறடிச்ச மனுஷன்யா அவரு!"

"இருக்கட்டும் சார். அடுத்தவனுக்காகப் பேசின வாய். அவர் வாசிச்சா சரி."

மைக்குக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பிரித்தார்.

'முன்பு ஒரே வீடாக இருந்ததால் கீழ்வீட்டுக்கு மேல்வீட்டு லைனிலிருந்துதான் கரண்ட் போகிறது. மேல்வீட்டுச் சமையலறை சாக்கெட்டுக்கு வரும் ஒயர் ஒன்று, அங்கிருந்து கீழே போகும் ஒயர் ஒன்று. கீழே போகும் ஒயரைக் கழற்றி, டேப் சுற்றி உள்ளே தள்ளியிருக்கிறார்கள். இன்று காலை சேர்த்துவிட்டேன். கரண்ட் வந்துவிட்டது.'

காலையில் மைக் ஆஸ்பத்திரியில் சாட்சி திரட்டிக்கொண்டிருந்தார்.

இப்போது அவர் விரல்களுக்கு எல்லாம் நினைவு வந்தது. புது சாக்கெட்டின் துளை சின்னது. ஒரு ஒயர்தான் நுழைந்தது. மெயினைப் போட்டுப் பார்த்தார், மிக்சி ஓடியது. மிச்சமிருந்த இன்னொரு ஒயரை, 'பொழைக்கத் தெரியாத பய, கூடுதலா ஒண்ண விட்டுட்டுப் போயிருக்கான்' என்று சிரித்துக்கொண்டே அவர்தான் டேப் சுற்றினார். ஒழுங்காக, மூன்று சுற்று. செவ்வாய்க்கிழமை. மத்தியானம்.

"சத்தமா வாசிங்கண்ணே," என்றார்கள் பின்னாலிருந்து.

வாசித்தார். "ஒரு பாயின்ட்டில், கீழே போகும் ஒயரைக் கழற்றி டேப் சுற்றியிருக்கிறார்கள்..."

'மேல்வீட்டுச் சமையலறை' மட்டும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது.

"கழட்டி விட்டானா? அடப்பாவி, உசிரோட விளையாட்டா?" கூட்டம் கொதித்தது.

தாளின் அடியில் இன்னும் ஒரு வரி இருந்தது. 'கழற்றியவர்:' என்று எழுதி, அதற்கு மேல் எதுவும் எழுதாமல் டெஸ்டர் விட்டிருந்தான்.

மைக் நிமிர்ந்தார். டெஸ்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பயமில்லை, கெஞ்சலில்லை. நியாயம் தன் பக்கம் வந்துவிட்டது என்று நம்பித் தலைவனைப் பார்க்கும் தொழிலாளியின் பார்வை. மில் வாசலில் ஆயிரம் முறை அவர் பார்த்த பார்வை.

வாத்தியார் மனைவி எழுந்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

"யாருண்ணே? பேர் போட்டிருக்கா? எனக்குப் பேர் தெரிஞ்சாப் போதும்."



மைக் தாளை முகத்துக்கு நேரே உயர்த்தினார். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, ஒன்றுமே எழுதாத அந்த இடத்தை வாசித்தார்:

"டெஸ்டர்."