கடைசிக் கேள்வி

“ஜிஆர்இ, டோஃபல் மதிப்பெண் எல்லாம் திருப்தி. கடைசிக் கேள்வி. அமெரிக்காவில் எம்.எஸ். முடித்ததும் என்ன செய்வீர்கள்?”

விசா அதிகாரி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

டை கட்டிய ஷெர்வின் தயங்கவேயில்லை. “இந்தியாவுக்குத் திரும்பிடுவேன் சார். அப்பா அம்மாவை விட்டுட்டு இருக்க முடியாது.”

“சபாஷ்டா! விசா கேரண்டி!” கைதட்டினார், அதிகாரியாக நடித்துக்கொண்டிருந்த அப்பா ஐசக். “தபீதா, உன் பையன் கொஞ்சம்கூடச் சிரிக்காம புளுகுறான் பாரு!”

“புளுகு இல்லப்பா. நிஜமாவே திரும்பி வந்துடுவேன்.”

தட்டிய கை அப்படியே நின்றது.

“திரும்பி வர்றதுக்கு எதுக்குடா அமெரிக்கா? பேசாம பொத்தேரி காலேஜ்லயே சேர்ந்துடு. எலெக்ட்ரிக் ட்ரெயினைப் பிடிச்சா தினமும் சாயங்காலமே தாம்பரத்துக்குத் திரும்பி வந்துடலாம்!”