பாத்திரத்தில் மீந்தது

தேவாலயத் திருவிருந்தில் திராட்சரசத்தின் முதல் மடக்கு எப்போதும் கமிட்டித் தலைவர் ஞானசிகாமணிக்குத்தான். அந்த ஞாயிறு, புதிதாக வந்த போதகர் பாத்திரத்தோடு நேராகக் கடைசி வரிசைக்கு நடந்து, சாக்கடை அள்ளும் மாசிலாமணியிடம் நீட்டினார்.

“எனக்குக் கடைசியில தாங்கய்யா.”

“குடிங்க. ஆண்டவரு இவங்களுக்கு மட்டுமா ரத்தம் சிந்துனாரு?”

மாசிலாமணி குடித்தார். அதே பாத்திரத்தில் வாய்வைக்க அதன்பின் ஒருவரும் எழுந்து வரவில்லை. எல்லோரும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெபித்துப் படைத்த ரசத்தைக் கீழே கொட்டக் கூடாது. மீந்தால் போதகரே குடித்துத் தீர்க்க வேண்டும். அதுதான் முறை. உபவாசம் இருந்த வெறும் வயிற்றில், ஊருக்கே வார்த்திருந்த புளித்த திராட்சரசத்தை அவர் மடக்கு மடக்காகக் குடித்தார். சபை பொறுமையாகக் காத்திருந்தது. பாத்திரம் காலியானது. ஆசீர்வாதம் சொல்லக் கையை உயர்த்தியவர் தள்ளாடினார். மாசிலாமணி ஓடிவந்து தாங்கிக்கொண்டார்.

அப்போதுதான் ஞானசிகாமணி கண்ணைத் திறந்தார். வாசலுக்குப் போய்ப் பேராயருக்கு போன் போட்டார்.

“ஐயா, நம்ம பாஸ்டரு கோயிலுக்குள்ளயே குடிச்சிட்டு நிக்க முடியாம நிக்காரு. கூடக் குடிச்சவன்தான் தாங்கிப் பிடிச்சிட்டிருக்கான். சபையே சாட்சி.”