முதல் பரிசு இல்லை

"மொத்தம் இருபத்து மூன்று பீர். முதல் பரிசுக்கு ஒன்றுகூடத் தேறவில்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்தார் நடுவர் ஹரிபிரசாத்.

பீர் போட்டி நடந்த அந்த பானேர் ஹோட்டல் ஹாலில் இந்தியிலும் மராத்தியிலும் வசவு பறந்தது.

ஷீலாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது.

வேலை பார்க்கும் ப்ரூவரியில் முதலாளியிடம் கெஞ்சி ஒரு சின்ன டேங்க் வாங்கி, லீவு நாளெல்லாம் அங்கேயே கிடந்து, எட்டு தடவை கீழே கொட்டி, ஒன்பதாவது தடவை கைகூடிய பீர் அவளுடைய பிரவுன் ஏல். நல்ல பழுப்பு நிறம். வறுத்த பார்லி வாசனை. விழுங்கிய பிறகு அடிநாக்கில் லேசாகக் கோலாப்பூர் வெல்லம்.

அதுவா தேறவில்லை?

பக்கத்தில் அவள் அப்பா ஜெகதீசன். கட்கி வெடிமருந்து ஃபேக்டரியில் ரிடையர் ஆனவர். "கெமிஸ்ட்ரி படிச்சிட்டு சாராயம் காய்ச்சப் போறியா?" என்று கேட்டதோடு சரி, இரண்டு வருஷமாக மகளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. வீடு இருக்கும் போபோடியில் யார் விசாரித்தாலும் "ஜூஸ் கம்பெனி" என்பார். அம்மா நச்சரித்து இன்றைக்குத்தான் முதல் தடவையாக அனுப்பி வைத்திருந்தாள்.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போலாம்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டே.

"போறதா? அந்த ஆளை விடக் கூடாது. எழுந்திரு!"

வாசலில் டாக்ஸிக்காக நின்றுகொண்டிருந்தார் ஹரிபிரசாத். கோயம்புத்தூர்க்காரர் என்று ஷீலாவுக்குத் தெரியும். நேராகத் தமிழிலேயே ஆரம்பித்தாள்.

"சார், பதினாலாம் நம்பர் கிளாஸ் என்னோடது. இது நீங்க எழுதின மார்க் ஷீட். 'கருகல் வாடை. ருசியில் அழுத்தமில்லை. ஐம்பதுக்கு இருபத்தாறு.' மனசாட்சியோட எழுதினீங்களா?"

"எழுதினது எழுதினதுதானுங்க" என்றார் அவர், ரோட்டைப் பார்த்தபடி.

"கருகலா? பக்கத்துலயே நின்னு வறுத்தது சார் அது! ஒரு மணி பார்லி கருகியிருந்தாக்கூட நானே கொட்டியிருப்பேன்!"

"டாக்ஸி வந்துடும். வழி விடுங்க."

அப்பா குறுக்கே வந்து நின்றார்.

"தம்பி, நான் குடிக்கிறவன் இல்ல. அந்த நாத்தமே எனக்கு ஆகாது. ஆனா முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தவன். உன்னையேதான் பாத்துட்டிருந்தேன். மத்த கிளாஸெல்லாம் ரெண்டு வாய் குடிச்சிட்டுத் தள்ளி வெச்சே. பதினாலை மட்டும் சொட்டு விடாம குடிச்சே. காலி கிளாஸை மறுபடி மறுபடி மோந்து பாத்தே. ரிஜெக்ட் பண்றவன் அப்படியா பண்ணுவான்? யார்கிட்ட எவ்ளோ பைசா வாங்கினே, சொல்லு!"

ஷீலா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இவரா பேசுகிறார்?

ஹரிபிரசாத்தின் முகம் சிவந்தது. செல்போனை எடுத்து, போட்டியின் விண்ணப்பத்தைத் திறந்து ஷீலாவிடம் நீட்டினார்.

"கையெழுத்துப் போட்டீங்கல்ல? நாலாம் பக்கம் படிச்சீங்களா?"

அவள் படித்திருக்கவில்லை. யார் படிக்கிறார்கள்? இப்போது படித்தாள். பொடி எழுத்து.

"என்ன போட்டிருக்கு?" என்றார் அப்பா.

"முதல் பரிசு வாங்கின பீரோட செய்முறை, பேர் எல்லாம் போட்டி நடத்துற கம்பெனிக்கே சொந்தம்..." அவள் குரல் இறங்கியது. "பரிசு வாங்கினவங்க பத்து வருஷத்துக்கு வேற எங்கேயும், எந்த பீரும் காய்ச்சக் கூடாது."

"ரெண்டாம் பரிசு, மூணாம் பரிசுக்கெல்லாம் அது கிடையாதுங்க. முதல் பரிசுக்கு மட்டும்தான்" என்றார் ஹரிபிரசாத். "இருபத்து மூணுல உங்களுதுதான் முதல். அதான் அப்படி எழுதினேன். அடுத்தவங்களும் மாட்டிக்கக் கூடாதுன்னுதான் முதல் பரிசே இல்லைன்னு சொன்னேன்."

கோபம் தணியவில்லை ஷீலாவுக்கு. இன்னும் ஏறியது.

"அதை வாயைத் திறந்து சொல்லக் கூடாதா? முன்னாடியே சொல்லியிருந்தா நான் போட்டிக்கே வந்திருக்க மாட்டேனே!"

"போன வருஷம் ஒருத்தர்கிட்ட சொன்னேங்க. பொறாமையில சொல்றேன்னு சிரிச்சுட்டுப் போய்க் கப்பை வாங்கினார். இப்ப போசரியில ஒரு பெயிண்ட் கம்பெனியில ஷிஃப்ட் பாக்கறார்."

"சரி, என் பீர். அந்தப் பரிசு வேணுமா வேண்டாமான்னு நான்தானே முடிவு பண்ணணும்? எங்கப்பா முன்னாடி என்னைத் தலைகுனிய வெக்க நீங்க யாரு?" குரல் உடைந்தது. விடவில்லை. "உங்களுக்கென்ன, உக்காந்து குடிச்சிட்டு மார்க் போட்டுட்டுப் போயிடுவீங்க. ஒரு டேங்க், ஒரே ஒரு டேங்க் உங்க கையால காய்ச்சியிருக்கீங்களா? காய்ச்சிட்டு வந்து எங்களுக்கு நல்லது பண்ணுங்க!"

டாக்ஸி வந்து நின்றது. கதவைத் திறந்தவர் ஏறாமல் நின்றார்.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி இந்தக் கப்பை வாங்கினவன் நானுங்க. இன்னும் ஏழு வருஷத்துக்கு என்னால காய்ச்ச முடியாது."