யார் எத்தனை மணி நேரம்?

ஆபீஸே அக்கா என்று கூப்பிடும் மூத்த ஊழியரை வேலையை விட்டு அனுப்ப மேனேஜருக்கு ஒரு சாட்சி தேவைப்பட்டது. அந்தச் சாட்சி லேப்டாப்போடு தானாகவே வந்து இறங்கியது.

கட்டட வரைபடம் போடும் அலுவலகம் அது. இருபத்தொரு கம்ப்யூட்டர். வரையும் மென்பொருள் எல்லாவற்றிலும் உண்டு. ஆனால் ஒரே நேரத்தில் திறந்து வைக்க லைசென்ஸ் இருபதுதான். இருபது பேர் திறந்துவிட்டால் அடுத்த ஆள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். யாராவது மூடினால்தான் இடம்.

அந்த எண்ணிக்கையைச் சரிபார்க்க மென்பொருள் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வரைகிறவர்கள் ஒவ்வொருவரும் எத்தனை மணி நேரம் திறந்து வைத்திருந்தார்கள் என்ற பட்டியலை மேனேஜர் அவரிடம் கேட்டு வாங்கி, ஹாலின் நடுவில் நின்று வாசித்தார்.

"எல்லாரும் தினம் ஆறு, ஏழு மணி நேரம். நம்ம அக்கா மட்டும் மூன்றரை. ஏம்மா, ஆபீஸுக்குக் காத்து வாங்கவா வர்றீங்க?"

டைப் அடித்த வேலைநீக்கக் கடிதம் மேனேஜர் கையில் தயாராக இருந்தது. அக்கா சம்பளத்தில்தான் அவர் வீட்டில் அடுப்பு எரிகிறது. அப்போதும் மேஜைமேல் இருந்த பேப்பரில் பென்சிலால் எதையோ திருத்திக்கொண்டிருந்தார். இப்படிப்பட்டவர்களை என்னதான் செய்வது!

வந்தவர் தொண்டையைச் செருமினார். இது லைசென்ஸ் கையில் இருந்த நேரம், வேலை பார்த்த நேரம் இல்லை என்றார். இன்னொரு பட்டியலைத் திறந்தார். இந்த மாதம் நாற்பத்தொரு தடவை யாருக்கோ இடமில்லை என்று வந்திருக்கிறது. நாற்பத்தொரு தடவையும் அடுத்த நிமிடமே அக்கா தன்னுடையதை மூடியிருக்கிறார். காத்திருந்தவருக்கு இடம் கிடைத்திருக்கிறது.

மூலை மேஜைக்காரர் எழுந்தார்.

"கண்ணு வலிக்குது, நீங்க வரைங்கன்னுதான் சொல்வாங்க சார். அப்புறம் எங்க வரைபடத்தையெல்லாம் பேப்பர்ல வச்சுப் பென்சிலால தப்பு திருத்திக் கொடுப்பாங்க."

எனக்கும், எனக்கும் என்று ஹாலே எழுந்து நின்றது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பார்த்த யாருக்கும் நெஞ்சு நிறைந்திருக்கும்.

மேனேஜருக்கு வேறு வழியில்லை, கடிதத்தைக் கிழித்தார். ஆனாலும் மீசையில் மண் ஒட்டாத மாதிரி வந்தவரிடம் கேட்டார்.

"அப்ப இருபது பத்தலைன்னு சொல்றீங்க?"

"பத்தும் சார். ஒருத்தர் தினமும் காலையில திறக்கறார், சாயங்காலம் வரைக்கும் மூடறதில்லை. ஒரு கோடுகூடப் போடறதில்லை."

"முதல்ல அந்த ஆளை வீட்டுக்கு அனுப்பணும். யாரு அது?"

வந்தவர் லேப்டாப்பை மெல்ல அவர் பக்கம் திருப்பினார்.

"நீங்கதான் சார்."