திரும்பி வந்த குரல்

சிங்கப்பூரில், ஆங் மோ கியோ வீட்டு ஜன்னலோரம் வெயிலில் ஒரு சின்னப் பெட்டி பச்சை விளக்கோடு இருக்கிறது. கையடக்க ரேடியோவில் பேசுவதை வாங்கி, இணையம் வழியே எங்கும் அனுப்பும் பெட்டி. மூன்று மாதமாகப் பேரின்பநாயகம் தனியே உட்கார்ந்து அமைத்தது. இன்று முதல் சோதனை. அனுப்பிய குரல் வெளியே போய்ச் சேர்கிறதா என்று கேட்க, கைப்பேசியையும் அந்த இணைப்பில் திறந்து வைத்திருக்கிறார். ரேடியோவில் முதலில் வருபவர் தங்கமாரி, கப்பல் பட்டறை வெல்டர், போன மாதம்தான் ரேடியோவில் பேச உரிமம் வாங்கியவர். "சார், வணக்கம்! நான்தான் மொத ஆளா?" காதில் எச்சில் தெறிப்பதுபோல் உரத்த குரல். பேரின்பநாயகம் முகம் சுளிக்கிறார். "ஆமாங்க, ரொம்ப சந்தோஷம்," என்று இனிமையாகச் சொல்லிவிட்டு, ரேடியோவைப் புத்தகத்தின்மேல் சாய்த்துவைக்கிறார். "யாருப்பா?" என்கிறாள் மகள் மதுரா. "எவனோ வெல்டர் லா. தொறந்து விட்டா கண்டவனெல்லாம் உள்ள வர்றான்." மதுரா பதறி ரேடியோவைக் காட்டுகிறாள். பேச்சுப் பொத்தான் புத்தக விளிம்பில் அமுங்கியே இருக்கிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. அதற்குள், இரண்டு விநாடி பிந்தி, கைப்பேசி சொல்கிறது: "கண்டவனெல்லாம் உள்ள வர்றான்." கொழகொழவென்ற, தின்று கொழுத்த குரல். அவருடைய குரல்தான். ரேடியோவைப் பிடுங்கி எடுக்கிறார். விளக்கு அணைகிறது. கீழே கார் நிறுத்துமிடத்தில் மைனாக்கள் கத்துகின்றன. பிறகு ரேடியோவில், "தெளிவா கேட்டுச்சுங்க சார்," என்கிறார் தங்கமாரி, இந்த முறை மெதுவாக. பேரின்பநாயகத்தின் கட்டைவிரல் பொத்தானின் மேலேயே நிற்கிறது. அழுத்தினால், மன்னிப்பையும் அந்தக் குரலிலேயே கேட்க வேண்டியிருக்கும்.