எந்த வண்டி இழுக்கும்?

மொன்டானாவில், வண்டிக் கடை என்றும் பாராமல் வேட் தன் மனைவி லோர்னாவிடம் கத்தினான்.

"புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? இந்த நடுத்தர பிக்கப் வண்டி நம்ம ரெண்டு குதிரையையும் ஏத்தின டிரெய்லரை இழுக்குமா? மலை ஏத்தத்துல மூச்சு வாங்கி நின்னுடும். பெரிசையே எடு."

"எனக்கு இது போதும்."

விற்பனையாளர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். வேட் விடவில்லை.

"ஒரு குதிரையை ஏத்தின டிரெய்லரை நீ இதுல கட்டி இழுப்ப. இன்னொண்ணை நான் தோள்ல தூக்கிட்டு வரணுமா?"

"வரவே வேணாம்," என்றாள் லோர்னா, வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டே. "உன் குதிரை உன்கூடவே இருக்கட்டும். என்னோடதை மட்டும் ஏத்திக்கிட்டு இன்னைக்கே அக்கா வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன். உன் கத்தலைக் கேட்டுக் கேட்டு அதுவும் மிரண்டுபோய்க் கிடக்கு."